மீண்டும் ஒருமுறை சென்னைக்கு

பயணம் போவதில் ஓர் இன்பம் உண்டு. பயணத்துக்குத் திட்டமிடுவதில் அதனிலும் பெரிய இன்பம் உண்டு. பின்னதிற் காசு செலவில்லை, கால் நோவதில்லை, பெட்டி தொலைந்துபோவதும் இல்லை. முன்பு கண்டு மனம் பறிகொடுத்த ஒரு நகருக்கு மறுபடியும் போவதென்றால் அவ்வின்பம் இரட்டிக்கும் என்று நான் நேற்றுவரை எண்ணியிருந்தேன். அதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு என்பதை இப்பொழுதுதான் கற்றுக்கொண்டேன். கற்பித்தவர் என் மனைவி.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மாநாடு கூடிற்று. அங்கத்தவர் மூவர்: நான், என் மனைவி, பல்கலைக்கழகத்திற் படிக்கும் எங்கள் பேத்தி. ஆராயப்பட்ட பொருள், வருகிற தை மாதம் சென்னைக்குப் போவது. ஆளுக்கொரு தாள் எடுத்து, அங்கே காணவேண்டியவற்றை எழுதுவது என்றும், பின்னர் மூன்று தாள்களையும் சேர்த்து ஒரு திட்டம் வகுப்பது என்றும் தீர்மானமாயிற்று. தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். நெடுங்காலம் ஆசிரியத் தொழில் பார்த்தவனுக்குத் தாளும் பென்சிலும் இல்லாமல் எதுவும் ஓடாது.

யாழ்ப்பாணத்தவருக்குச் சென்னை மேல் உள்ள பற்று இன்று நேற்று ஏற்பட்டதன்று. அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்றது 1849ஆம் ஆண்டில். பின்னர் அவர் அந்நகரத்துத் தங்கசாலைத் தெருவிலேயே ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். 1857ஆம் ஆண்டிலே தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். அவருள் ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்தவர் அவரே. இப்பெரியோர் காலத்தில் தொடங்கி, படிப்புக்கும் பாட்டுக்கும் புத்தகத்துக்கும் பட்டுச்சேலைக்கும் நம்மவர் கடல் கடந்துகொண்டே இருந்திருக்கின்றனர்.

வழியும் அந்நாளில் இலகுவாயிருந்தது. பாம்பன் பாலம் திறக்கப்பெற்ற 1914ஆம் ஆண்டிலேயே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிற்று. புகைவண்டி, கப்பல், மறுபடி புகைவண்டி என எல்லாவற்றுக்கும் ஒரே பயணச்சீட்டு. 1964 டிசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர், கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. ஆகாயவழியும் இருந்தது. 1947 டிசெம்பர் 10ஆந் தேதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கியே சென்னைக்குப் போயிற்று.

நான் போனது கப்பல் வழியாக, 1976ஆம் ஆண்டில், கல்லூரிப் படிப்புக்காக. யாழ்ப்பாணத்திற் புகைவண்டி ஏறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னார் இறங்குதுறையில் இராமானுஜம் என்னும் கப்பலில் ஏறினேன். இராமேசுவரத்திலிருந்து இரவுப் புகைவண்டி. விடியற்காலையில் எழும்பூர் நிலையத்தில் இறங்கியபோது காதில் விழுந்த இரைச்சலை இன்றும் என்னாற் கேட்கமுடிகிறது. மூன்று ஆண்டுகள் அங்கே வாழ்ந்தேன். 1984ஆம் ஆண்டில் அக்கப்பலும் நின்றுபோயிற்று. அதன் பின்னர் நடந்தவற்றை இக்குடும்பப் பக்கத்தில் விரித்துரைக்கவேண்டியதில்லை, எல்லாரும் அறிந்ததே.

நிற்க. மாநாட்டுக்குத் திரும்புவோம்.

என்னுடைய தாள் நிரம்பிவிட்டது. முதலாவது, மூர் மார்க்கெட். சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே செங்கல் நிறத்தில் நின்ற அக்கட்டடத்தில்தான் என் மாதச் செலவுப் பணத்திற் பாதி பழைய புத்தகங்களாக மாறியது. இரண்டாவது, மவுண்ட் ரோட்டுச் சபையர் திரையரங்கு. மூன்றாவது, கதீட்ரல் வீதியில் மரநிழலில் அமைந்திருந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் உணவகம். ஒரு கோப்பைக் காப்பியை முன்வைத்துக்கொண்டு நானும் நண்பர்களும் அங்கே தமிழ்நாட்டு அரசியல் முழுவதையும் தீர்த்துவைத்திருக்கிறோம். இப்படியே பதினொரு இடங்கள்.

பேத்தி என் தாளை வாங்கிப் பார்த்தாள். பின்பு தன் கைத்தொலைபேசியில் ஏதோ தட்டினாள். ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினாள். மூர் மார்க்கெட் 1985 மே மாதத்தில் எரிந்துபோயிற்று. அவ்விடத்தில் இப்போது புறநகர்ப் புகைவண்டி நிலையம் நிற்கிறது. சபையர் இடிக்கப்பட்டுவிட்டது. உட்லண்ட்ஸ் 2008இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010 முதல் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. மவுண்ட் ரோடு அண்ணா சாலையாகி எத்தனையோ காலம். இவற்றிற் பலவற்றை நானும் அவ்வப்போது கேள்விப்பட்டவனே. ஆயினும் பென்சிலைக் கையிலெடுத்தவுடன் கை பழைய நகரத்தையே எழுதிவிட்டது.

என் மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்தவள், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, நீங்கள் எழுதினது பயணத்துக்கான பட்டியலோ, மரண அறிவித்தலோ?”

பேத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி மனத்திலே தைத்துக்கொண்டது. நான் போக விரும்பியது சென்னைக்கன்று. என் இருபதாவது வயதுக்கு. அவ்வூருக்கு எந்த விமானமும் போவதில்லை.

பேத்தியின் தாள் வேறொரு நகரத்தைக் காட்டிற்று. அதிலே கன்னிமாரா நூலகம் இருந்தது. 1896இல் திறக்கப்பெற்ற அது எனக்கும் பழக்கமான இடமே. மற்றவை நான் காணாதவை. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா என்னும் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994இல் எழுந்த ஆராய்ச்சி நூலகம். அதற்கடுத்து, உ. வே. சாமிநாதையர் பெயரால் விளங்கும் நூல்நிலையம். ஏட்டுச் சுவடிகளை அங்கே பேணிவருகிறார்கள். அத்துடன் 1977 முதல் நடந்துவரும் புத்தகக் கண்காட்சி. தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் கூடும் அக்கண்காட்சி அண்மைக்காலத்தில் நந்தனத்தில் நடைபெறுகிறது. “அம்மப்பா, மூர் மார்க்கெட்டுக்குப் பதிலாக உங்களை அங்கே விட்டுவிடுகிறேன், பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்” என்றாள். பிள்ளைகளைப் புத்தகக் கடையில் விட்டுவிட்டுப் போன காலம் போய், பிள்ளைகள் நம்மை விட்டுவிட்டுப் போகும் காலம் வந்துவிட்டது.

மூன்றாவது தாள் என் மனைவியுடையது. கபாலீசுவரர் கோயில், சங்கீத வித்துவத் சபை, கலாக்ஷேத்திரம் என்றெல்லாம் அதில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் இசையில் ஈடுபாடு உடையவள். தாளில் ஒரே ஒரு வரிதான் எழுதப்பட்டிருந்தது:

“பெரியக்கா வீடு – ஆறு நாள்.”

பெரியக்கா என்பவர் என் மனைவியின் மூத்த சகோதரி, எனக்கு மச்சாள். என் மனைவியிலும் பதினெட்டு வயது மூத்தவர். தாயை இளமையிலே இழந்த தங்கையைத் தூக்கி வளர்த்தவர். பலாலிக்கு அண்மையிலே சீதனமாகக் கிடைத்த வளவில் குடியிருந்தார். 1990 யூன் மாதத்தில் அச்சுற்றாடலில் இருந்த மக்களெல்லாரும் வீடுவாசலை விட்டு எழும்பியபோது, அவர்களும் எழும்பினார்கள். சில மாதங்கள் உறவினர் வீடுகளில் இருந்துவிட்டு, படகேறிக் கடலைக் கடந்து இராமேசுவரம் போய்ச் சேர்ந்தனர். அதன் பின்னர் சென்னை. இப்பொழுது வளசரவாக்கத்தில், இரண்டாவது மாடியில், ஒரு சிறு வீட்டில் மகனோடு இருக்கிறார். வயது எண்பத்துநான்கு. முழங்கால் நோவினாற் படி இறங்குவது அருமை.

“ஆறு நாள் நீண்டதில்லையா? பத்து நாட் பயணத்தில் ஆறு நாள் ஒரே வீட்டில் இருந்தால் மற்றவற்றைப் பார்ப்பது எப்போது?” என்று கேட்டேன்.

அவள் உடனே மறுமொழி சொல்லவில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துத் தட்டில் அடுக்கினாள். பின்பு, “2011ஆம் ஆண்டை மறந்துபோனீர்களோ?” என்றாள்.

மறக்கவில்லை. ஆனால் நான் நினைவில் வைத்திருந்தது ஒன்று. அவள் நினைவில் வைத்திருந்தது வேறொன்று.

2011ஆம் ஆண்டில் எங்கள் இளைய மகளின் கலியாணத்துக்காகச் சென்னைக்குப் போனோம். யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி அப்பொழுது இல்லை. இரவு முழுவதும் பஸ்ஸிற் கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் விமானம் ஏறினோம். ஒரு கிழமைப் பயணம். கூறைச்சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி, உறவினருக்குச் சேலைகள், நகை, அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் தியாகராய நகரிலே வாங்கவேண்டியிருந்தது. கடைக்கு அண்மையில் தங்கினால் வசதி என்று நான்தான் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். ஆறு நாட்கள் கடைகளிலே போயின. கடைசி நாள் மாலையில் மச்சாளைப் பார்ப்பதென்று வைத்திருந்தோம். அன்றும் ஒரு தையற்கடையிலே சுணங்கிவிட்டது. வளசரவாக்கம் போய்ச்சேர இரவு எட்டரை. விடியற்காலை விமானம்.

மச்சாள் ஒடியற்கூழ் காய்ச்சி வைத்திருந்தார். யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒடியல்மாவை மாதக்கணக்காகப் பக்குவமாய் வைத்திருந்து, அன்று காலையில் நண்டும் மீனும் இறாலும் வாங்குவித்துக் காய்ச்சிய கூழ். பின்னேரம் நாலு மணிக்கே இறக்கிவைத்தது இரவில் ஆறிப்போயிருந்தது. சுடவைத்துத் தந்தார். நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் குடித்தோம். புறப்படும்போது, “அடுத்தமுறை ஆறுதலாய் வாருங்கோ” என்றார். இவ்வளவுதான் எனக்கு நினைவிருந்தது. கூழ் மிக நன்றாக இருந்தது என்றும் நினைவிருந்தது.

“அறைக்குள்ளே சுவரோரமாக மூன்று பாய் அடுக்கியிருந்தது. மூன்று தலையணை. எல்லாவற்றுக்கும் புது உறை போட்டிருந்தது. நீங்கள் காணவில்லை” என்றாள் என் மனைவி.

நான் காணவில்லை. எங்களோடு இளைய மகளும் வந்திருந்தாள். ஆக, மூவருக்கு மூன்று பாய். அன்றிரவு நாங்கள் தங்குவோம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தங்கமாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. இதைப் பதினான்கு ஆண்டுகளாக என் மனைவி தன் மனத்திலே வைத்திருந்திருக்கிறாள். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லி என்ன? விமானத்தை நிற்பாட்டியிருப்பீர்களோ?” என்றாள்.

அடுத்தமுறை என்பது எளிதில் வரவில்லை. என் தாயார் நோயுற்றுக் கிடந்த ஆண்டுகள் சில. பின்பு கொரோனாத் தொற்று. பின்பு 2022இன் பொருளாதார நெருக்கடி. இப்பொழுது மச்சாளுக்குச் சிலவேளை நினைவு தடுமாறுகிறது. போன மாதம் தொலைபேசியில் தங்கையின் குரலை இன்னொருவரின் குரலென்று எண்ணிச் சற்றுநேரம் பேசினாராம்.

மூன்று தாள்களையும் மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தோம். பின்பு நாலாவது தாள் ஒன்றை எடுத்தேன். இம்முறை இடங்களை எழுதவில்லை. முதலில் ஆட்களை எழுதினேன். மச்சாள். கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்து, இப்போது பார்வை குன்றித் தாம்பரத்தில் இருக்கும் நண்பன். மாணவனாயிருந்த காலத்தில் எனக்குக் கடனுக்குச் சோறு போட்ட அம்மையாரின் மகள். அவர்களுடைய நாட்களைக் குறித்த பின்பு, இடையில் எஞ்சிய நேரத்தில் நூலகங்களையும் கோயிலையும் கடற்கரையையும் இட்டு நிரப்பினேன். வியப்பு என்னவென்றால், எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பேத்தி காலையில் நூலகத்துக்குப் போய்ப் பின்னேரம் வீடு திரும்பலாம். 2015 முதல் ஓடும் மெற்றோ புகைவண்டி இன்று விமானநிலையத்திலிருந்து சென்ட்ரல் வரை போகிறது, அலைச்சல் குறைவு. இரண்டாம் மாடியிலிருந்து இறங்க முடியாதவரைத்தான் நாம் தேடிப்போகவேண்டும். கபாலீசுவரர் எங்கும் போய்விடமாட்டார்.

இனி, எம்மைப்போற் புறப்பட எண்ணும் வாசகர்களுக்குப் பயன்படக்கூடிய சில செய்திகள்.

காலத்தைத் தெரிந்தெடுப்பது முதற் கடமை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நமக்கு மழை தரும் அதே வாடைக்காற்றுப் பருவந்தான் சென்னைக்கும் மழை தருகிறது. 2015 டிசெம்பரிலும் 2023 டிசெம்பரிலும் அந்நகரம் வெள்ளத்தில் மிதந்தது. சித்திரை, வைகாசி வெயிலோ முதியோருக்கு ஆகாது. இசைவிழாவை விரும்புவோர் மார்கழியிற் போகலாம். குடையையும் கொண்டு போகவேண்டும். தை, மாசி மாதங்களே நடமாட உகந்தவை. நாங்கள் பொங்கலுக்கு நாலு நாள் முந்திப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். மச்சாளோடு பொங்கலாம், பேத்தி கண்காட்சியையும் பார்க்கலாம்.

வழி இப்போது இரண்டு. பலாலியில் 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையம் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்ற சென்னை விமானம் 2022 டிசெம்பரில் மறுபடி வந்தது. 2024 செப்டெம்பரில் இன்னொரு நிறுவனமும் பறக்கத் தொடங்கிற்று. நேர்கோட்டில் ஏறத்தாழ 360 கிலோமீற்றர். கொழும்புக்குப் புகைவண்டியிற் போகும் தூரத்திலும் அது குறைவு. மற்றது கடல்வழி. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரிற் கப்பற்சேவை தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கிற்று. ஏறக்குறைய நாலு மணிநேரப் பயணம். நாகபட்டினத்திலிருந்து புகைவண்டியிற் சென்னை போகலாம். கடல் குழம்பும் பருவத்தில் கப்பல் நிற்பதுண்டு, விசாரித்துக்கொண்டே புறப்படவேண்டும். எவ்வழியாயினும் இந்திய விசா வேண்டும். கடைசி நேரத்தில் ஓடாமல் முன்னதாகவே விண்ணப்பிப்பது நன்று.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. போகும்போது புழுக்கொடியல், பனங்கட்டி, பனாட்டு, பருத்தித்துறை வடை, வீட்டில் இடித்த கறித்தூள் ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். அங்கே முப்பது ஆண்டு வாழ்ந்தவருக்கும் அந்தத் தூளின் மணம் போதும். கன்றுகளையும் விதைகளையும் அனுமதியின்றிக் கொண்டுசெல்லலாகாது. முதியோர் தம் மருந்தைக் கைப்பையில் வைத்து, மருத்துவரின் துண்டையும் உடன் வைத்திருக்கவேண்டும். திரும்பும்போது பெட்டி தானாகவே நிரம்பும், அதைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

எல்லாம் ஒழுங்கானபின் அன்றிரவே மச்சாளோடு தொலைபேசியிற் பேசினோம். இம்முறை அவருக்குக் குரல் மாறவில்லை. வரும் நாளைச் சொன்னேன். ஆறு நாள் நிற்போம் என்பதையும் முதலிலேயே சொன்னேன். சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை.

“தம்பி, பலாலியாலே தானே வாறியள்?” என்று கேட்டார்.

“ஓம், மச்சாள்.”

“பிளேன் எழும்பேக்கை யன்னலாலே ஒருக்கால் பாருங்கோ. எங்கடை வளவு தெரிஞ்சாலும் தெரியும். கிணத்தடியிலே ரெண்டு பனை நிண்டது. நிக்குதோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ.”

அவ்வட்டாரத்துக் காணிகளிற் பல, கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டன. சில இன்னும் விடுவிக்கப்படவில்லை. மச்சாளின் வளவு பின்னதைச் சேர்ந்தது. நடந்துபோய்ப் பார்த்துவர எங்களில் எவராலும் இயலாது.

பேத்தி கணினியைத் திறந்து ஆசனங்களைத் தெரிந்தெடுக்கத் தொடங்கினாள். விமானம் எத்திசை நோக்கி எழும்பும், அவ்வளவு எந்தப் பக்கத்தில் வரும் என்று நாங்கள் மூவரும் விவாதித்தோம்; முடிவு காணவில்லை. ஆகையால் வலப்பக்கத்தில் ஒரு யன்னலும் இடப்பக்கத்தில் ஒரு யன்னலுமாக எடுத்திருக்கிறோம். வலப்பக்கம் என் மனைவி, இடப்பக்கம் நான்.